ஆளோலை முதல் முன்பணம் வரை

கோயம்புத்தூரை விட்டு மேற்கு நோக்கிச் செல்லும் ரயில் வண்டி வாளையாற்றைக் கடந்ததும், இருமருங்கும் மலைகள் ஒதுங்கி நின்று வழிவிடுகின்றன. நெல் வயலும் பனைமரமும் மாறி மாறி வரும் அந்தப் பாலக்காட்டுக் கணவாயை நம்மில் பலர் சன்னல் வழியே கண்டிருப்போம். வேலையின் பொருட்டுத் தாயகம் விட்டு வேற்று மாநிலம் சென்ற தமிழர்களுக்கு இக்கணவாய் மிகப் பழைய வாசல். அதற்குத் தெற்கே, போடிநாயக்கனூரிலிருந்து கொட்டக்குடி வழியாக மலையேறும் பாதையும் கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து குமுளிக்கு ஏறும் பாதையும் வேறு இரண்டு வாசல்கள். இவ்வாசல்களின் வழியே மனிதர்கள் தாமாக நடந்து சென்றதும் உண்டு. பிறரால் நடத்திச் செல்லப்பட்டதும் உண்டு. இவ்விரண்டுக்கும் உள்ள வேறுபாட்டைச் சட்டத்தின் கண்ணுக்குப் புலப்படுத்த இருநூறு ஆண்டுகளாகச் சிலர் பாடுபட்ட வரலாற்றையே இங்கு நாம் சொல்ல முற்படுகிறோம்.

1800-ஆம் ஆண்டின் இறுதியில் பிரான்சிஸ் புக்கானன் என்னும் ஸ்காட்லாந்து மருத்துவர் இக்கணவாய் வழியாக மலபாருக்குள் நுழைந்தார். கிழக்கிந்தியக் கம்பெனியார் தாம் புதிதாகப் பெற்ற நாடுகளின் பயிர், வரி, வாணிகம் முதலியவற்றை ஆராய்ந்து வருமாறு அவரை அனுப்பியிருந்தனர். நெல் விளைச்சலை விசாரித்த அவர், அந்நெல்லை விளைவிப்போர் யார் என்றும் விசாரித்தார். உழவு வேலையில் பெரும் பகுதியைச் செய்தவர்கள் செறுமர்கள் என்றும், அவர்கள் நிலவுடைமையாளரின் உடைமை என்றும் எழுதிவைத்தார். நிலத்தைக் கைமாற்றுவதற்கு மலையாள நாட்டில் ஜன்மம், காணம், பாட்டம் என்னும் மூன்று முறைகள் உண்டு. முதலாவது விற்பனை, இரண்டாவது அடைமானம், மூன்றாவது குத்தகை. இம்மூன்று சொற்களும் அப்படியே மனிதர்களுக்கும் வழங்கின. ஜன்மமாக விற்றால் இளைஞன் ஒருவனுக்கும் அவன் மனைவிக்கும் சேர்த்து 250 முதல் 300 பணம் வரை விலை. சிறு குழந்தைகள் இரண்டு மூன்று இருந்தால் விலை ஏறும். காணமாக வைத்தால், அடைமானம் வைத்த ஆள் இறந்துபோகும்போது உடையவர் வேறோர் ஆளை ஈடாகத் தரவேண்டும். பாட்டமாக விட்டால் ஆண் ஒருவனுக்கு ஆண்டொன்றுக்கு 8 பணம், பெண்ணுக்கு அதில் பாதி. கணவனையும் மனைவியையும் பிரித்து விற்கலாகாது என்று ஒரு மரபு இருந்ததாம். குழந்தைகளைப் பிரிப்பதற்கு அம்மரபு தடை சொல்லவில்லை.

இது மலையாள நாட்டின் தனிக் குற்றம் என்று நாம் எண்ணிவிடக் கூடாது. சோழர் காலக் கல்வெட்டுகளில் மனிதர்கள் கோயில்களுக்கு விற்கப்பட்ட செய்தி காணப்படுகிறது. சிலர் பஞ்சத்தின் கொடுமையால் தம்மைத்தாமே விற்றுக்கொண்டனர். பெரியபுராணத்தில் இறைவன் கிழவேதியர் வடிவில் வந்து சுந்தரரைத் தம் அடிமை என்று வழக்காடுவதற்கு ஆளோலை ஒன்றையே ஆதாரமாகக் காட்டுகிறார். அக்கதையைக் கேட்டு உள்ளம் உருகும் நாம், வழக்கு மன்றத்தில் காட்டக்கூடிய அத்தகைய ஓலை அந்நாளில் மக்களுக்குப் பழகிய பொருளாக இருந்தது என்பதை நினைப்பதில்லை. தஞ்சைப் பண்ணையாளின் நிலையும் நமக்குத் தெரிந்ததே.

கம்பெனியார் மலபாரைக் கைக்கொண்ட 1792-இலேயே அடிமை வாணிகத்தைத் தடுத்து ஓர் அறிக்கை வெளியிட்டனர். ஆனால் அறிக்கை வெளியிட்ட கை ஒன்று, வரி வாங்கிய கை மற்றொன்று. வரிப் பாக்கிக்காக நிலத்தை ஏலம் விடும்போது, அதில் உழைத்த மனிதர்களையும் அரசாங்க ஊழியர்களே ஏலம் விட்டுவந்தனர். இவ்வழக்கம் 1819-இல்தான் நிறுத்தப்பட்டது. அதற்கு முன்பே 1811-ஆம் ஆண்டையொட்டி, தலைச்சேரியில் நீதிபதியாயிருந்த தாமஸ் ஹார்வி பேபர் என்பவர் ஒரு பெரிய ஊழலை வெளிப்படுத்தினார். அஞ்சரக்கண்டி என்னும் இடத்திலிருந்த தோட்டத்தில், திருவிதாங்கூரிலிருந்து திருடிக் கொண்டுவரப்பட்ட குழந்தைகளும் பெரியவர்களும் வேலை வாங்கப்படுவதை அவர் கண்டார். தோட்டத்தின் பொறுப்பாளரோ செல்வாக்கு மிக்க ஐரோப்பியர். பேபர் அஞ்சவில்லை, அங்கிருந்தோரை விடுவித்து ஊருக்கு அனுப்ப முயன்றார். அதனால் தம் இனத்தாரிடையே பகையைத் தேடிக்கொண்டார். பின்னாளில் இலண்டனில் பாராளுமன்றக் குழுக்களின் முன்னும் மலபாரின் அடிமை முறையைப் பற்றிச் சாட்சியம் அளித்தார். நாட்டு மக்களோடு போர் தொடுத்த கம்பெனி அதிகாரிகளில் அவரும் ஒருவர். பழசிராஜாவை வேட்டையாடிய படையில் முன்நின்றவர் அவரே. ஆகவே அவரை நாம் முழுவதும் போற்றவும் இயலாது, இந்த ஒரு செயலை மறைக்கவும் இயலாது.

1836-ஆம் ஆண்டு நவம்பர் மாதம் சென்னை அரசாங்கம் ஓர் உத்தரவு பிறப்பித்தது. மலபாரில் அரசாங்க நிலங்களோடு சேர்ந்திருந்த அடிமைகளை விடுவிப்பதென்றும், அவர்களால் வந்துகொண்டிருந்த ஆண்டு வருமானத்தைக் கலெக்டரின் கணக்கிலிருந்து தள்ளிவிடுவதென்றும் முடிவாயிற்று. அத்தொகை 927 ரூபாய் 13 அணா. ஓர் அரசாங்கம் மனிதர்களைச் சொந்தமாக வைத்துக்கொண்டு ஆண்டுதோறும் அடைந்த லாபம் இவ்வளவுதான்! அந்தப் பதின்மூன்று அணாவையும் விடாமல் எழுதிய கணக்கரை நினைத்தால் நமக்கு ஒரு பக்கம் சிரிப்பும் வருகிறது.

இதற்குள் இங்கிலாந்தில் அடிமை எதிர்ப்பு இயக்கம் வலுப்பெற்றிருந்தது. இந்தியாவின் அடிமை நிலையை ஆராய்ந்த சட்டக் குழு 1841-இல் அறிக்கை தந்தது. அதன் பயனாக 1843-ஆம் ஆண்டின் 5-ஆவது சட்டம் பிறந்தது. இச்சட்டத்தின் அமைப்பைச் சற்றுக் கவனிக்க வேண்டும். அது அடிமைகளை விடுவிக்கிறேன் என்று எங்கும் முழங்கவில்லை. நீதிமன்றத் தீர்ப்புக்காகவோ வரிக்காகவோ எந்த அதிகாரியும் மனிதனை விற்கக் கூடாது. ஒருவன் தன் அடிமை என்று கூறும் உரிமையை எந்த நீதிமன்றமும் நிறைவேற்றித் தராது. அடிமை என்ற காரணத்தால் ஒருவன் சம்பாதித்த சொத்தைப் பறிக்க முடியாது. சுதந்திர மனிதனுக்கு இழைத்தால் குற்றமாவது, அடிமைக்கு இழைத்தாலும் குற்றமே. இவ்வளவே அதன் சாரம். ஆளோலையைக் கிழிக்காமல், அதைப் படித்துப் பார்க்க மாட்டோம் என்று நீதிமன்றம் கண்ணை மூடிக்கொண்டது எனலாம். இது கோழைத்தனமான வழி என்று சிலர் கூறுவர். பலமான வழி என்றே நமக்குத் தோன்றுகிறது; உடைமையாளருக்கு நஷ்டஈடாக ஒரு காசும் தரவேண்டிய நிலை எழவில்லை அல்லவா? ஆனால் எழுதப் படிக்கத் தெரியாத செறுமன் ஒருவனுக்கு, சட்டம் தன் பக்கம் வந்துவிட்டது என்பதைச் சொல்ல யாரும் இல்லை.

இங்கே எல்லைப்புறத்தின் விசித்திரம் ஒன்றைக் குறிப்பிட வேண்டும். இன்றைய பாலக்காடு மாவட்டத்தின் பெரும் பகுதி அன்று ஆங்கிலேயரின் மலபார் ஜில்லா. ஆனால் சித்தூரும் நெல்லியாம்பதியும் கொச்சி சமஸ்தானம். இன்றைய இடுக்கி மாவட்டமோ திருவிதாங்கூர் சமஸ்தானம். மலபாரில் 1843-இலும், கொச்சியில் 1854-இலும், திருவிதாங்கூரில் 1855-இலும் அடிமை முறை சட்டத்தின் ஆதரவை இழந்தது. ஆகவே ஏறத்தாழப் பதினோர் ஆண்டுக் காலம் பாலக்காட்டில் நிற்பவனுக்கு ஒரு சட்டம், சில மைல் நடந்து சித்தூருக்குச் சென்றால் வேறொரு சட்டம். மனிதன் ஒருவனே, வரப்பைத் தாண்டினால் அவன் பொருளாகிவிடுவான்.

திருவிதாங்கூரில் 1812-இலேயே ராணி கௌரி லட்சுமிபாய், நிலத்தோடு சேராத அடிமைகளை வாங்குவதையும் விற்பதையும் தடுத்திருந்தார். நிலத்தோடு சேர்ந்தவர்களின் நிலை அப்படியே இருந்தது. 1847-இல் அங்கு ஊழியம் செய்த லண்டன் மிஷன், சர்ச் மிஷன் பாதிரிமார்கள் ஒன்றுகூடி மகாராஜாவுக்கு ஒரு விண்ணப்பம் எழுதினார்கள். ஆங்கில நாட்டில் உள்ள அடிமைகள் விடுதலை பெற்றுவிட்டனர், இங்கும் அவ்வாறே செய்யவேண்டும் என்பது அதன் வேண்டுகோள். முதலில் பதில் மழுப்பலாகவே வந்தது. அவர்கள் விடவில்லை, ரெசிடெண்டின் மூலமும் சென்னை அரசாங்கத்தின் மூலமும் நெருக்குதல் தொடர்ந்தது. 1853-இல் அரை மனத்தோடு ஓர் அறிக்கை வந்து, 1855-ஆம் ஆண்டு ஜூன் 24-ஆம் தேதி உத்திரம் திருநாள் மகாராஜாவின் முழு அறிக்கை வந்தது. விண்ணப்பம் எழுதிய பாதிரிமார்களுக்கு மதமாற்ற நோக்கமும் இருந்தது என்பதை மறுக்க வேண்டியதில்லை. எழுதியவரின் நோக்கம் எதுவாயினும், எழுதப்பட்டது உண்மை.

மனிதனை அடிமையாக வாங்குவதும் விற்பதும் தண்டனைக்குரிய குற்றமாக ஆனது 1862-ஆம் ஆண்டு ஜனவரி முதல் தேதி, இந்தியத் தண்டனைச் சட்டம் நடைமுறைக்கு வந்தபோதுதான். அதில் 370-ஆவது பிரிவு இதற்கென அமைந்தது. மலபாரின் கலெக்டராயிருந்த வில்லியம் லோகன் 1887-இல் வெளியிட்ட தமது மலபார் நூலில் இவ்வரலாற்றையெல்லாம் தொகுத்துச் சொல்லிவிட்டு, தாங்கள் விடுதலை பெற்றவர்கள் என்பதை அம்மக்கள் உண்மையில் அறிவார்களா என்று ஐயுறுகிறார்.

அடிமை முறை ஒழிந்த ஆண்டுகளையும் தோட்டங்கள் பெருகிய ஆண்டுகளையும் அடுத்தடுத்து எழுதிப் பார்த்தால் ஓர் உண்மை விளங்கும். திருவிதாங்கூர் அறிக்கை 1855. தொழிலாளி ஒப்பந்தத்தை மீறினால் தண்டிக்கும் 13-ஆவது சட்டம் 1859. முன்பணம் வாங்கிய தொழிலாளி வேலைக்கு வராவிட்டால், வேலை செய் அல்லது பணத்தைத் திருப்பிக் கொடு என்று மாஜிஸ்டிரேட் உத்தரவிடலாம். அதற்கும் கீழ்ப்படியாவிட்டால் மூன்று மாதம் வரை சிறையில் அடைக்கலாம். கடன் கொடுத்தவன் சிவில் வழக்குப் போடுவது உலக வழக்கம். இங்கோ கடனாளியான கூலிக்குச் சிறை காத்திருந்தது. கல்கத்தாவின் ஐரோப்பிய வர்த்தகர்கள் விரும்பி வாங்கிய இச்சட்டம், விரைவிலேயே மலைத் தோட்டங்களில் பெரிதும் கையாளப்பட்டது. 1903-இல் சென்னை மாகாணத்துத் தோட்டக்காரர்களுக்கென்றே தனிச் சட்டமும் வந்தது.

1877-ஆம் ஆண்டு தாது வருஷப் பஞ்சம் தென்னாட்டை வாட்டிக்கொண்டிருந்தது. அதே ஆண்டு ஜான் டேனியல் மன்றோ என்பவர் பூஞ்ஞாறு அரச குடும்பத்தாரிடமிருந்து கண்ணன் தேவன் மலைகளைச் சாசனம் எழுதிப் பெற்றார். மேலே மலையில் நிலம். கீழே சமவெளியில் பசி. இரண்டையும் இணைக்க ஒருவன் வேண்டியிருந்தது. அவனே கங்காணி.

கங்காணி அயலான் அல்லன். நம் ஊர்க்காரன், பெரும்பாலும் உறவினன். திருநெல்வேலி, இராமநாதபுரம், மதுரை ஜில்லாக்களின் வறண்ட கிராமங்களுக்கு அவன் துரையின் பணத்தோடு வருவான். குடும்பத் தலைவனின் ஊர்க் கடனைத் தீர்க்கச் சிறிது பணம், ஆளுக்கொரு கம்பளி, வழிச்செலவு. அத்தனையும் அவன் குறிப்பில் ஏறும். போடியிலிருந்து கொட்டக்குடி வரை நடந்து, அங்கிருந்து செங்குத்தான மலைப்பாதையில் ஏறினால் டாப் ஸ்டேஷன். தேயிலைப் பெட்டிகள் கம்பிவடத்தின் வழியாக இதே சரிவில் இறங்கிப் போன காலத்திலும், அவற்றை நிரப்பியவர்கள் மலையேறியது நடந்துதான். மேலே போனபின் அதிகாலையில் பிரட்டுக் களத்தில் பேர் கொடுக்க வேண்டும். வாரந்தோறும் அரிசி, செலவுக்குச் சிறு தொகை. கணக்குத் தீர்ப்பதோ பருவ முடிவில். அப்போதுதான் முன்பணமும், அரிசியும், கம்பளியும், நோயில் படுத்த நாள்களும் கூலியிலிருந்து கழிக்கப்படும். மிச்சம் இல்லாதவன் என்ன செய்வான்? அடுத்த பருவத்துக்கு மீண்டும் பேர் கொடுப்பான். தன் கீழ் உள்ளவர்களின் உழைப்பைப் பொறுத்துக் கங்காணிக்குக் கமிஷன் உண்டாகையால், எவரும் போகாதிருப்பதில் அவனுக்கு அக்கறை மிகுதி. கடல் கடந்த இலங்கையில் இதே முறை இன்னும் வெளிப்படையாக நடந்தது. தொழிலாளியின் கடன் இவ்வளவு என்று எழுதிய துண்டு என்னும் சீட்டைக் காட்டி, அக்கடனைக் கட்டுகிறவர் அவனைத் தம் தோட்டத்துக்கு அழைத்துக்கொள்ளலாம். ஆளோலைக்கும் அதற்கும் அதிக தூரமில்லை. 1921-இல் அது ஒழிக்கப்பட்டது.

பாலக்காட்டுக்கும் இடுக்கிக்கும் இடையே உள்ள ஆனைமலைத் தோட்டங்களில் மருத்துவராகப் பணிபுரிந்த பி. எச். டேனியல் என்பவர் தாம் கண்டும் கேட்டும் அறிந்தவற்றை ஆங்கிலத்தில் நாவலாக எழுதினார். இரா. முருகவேள் அதனை ‘எரியும் பனிக்காடு’ என்று தமிழாக்கினார். டேனியல் எழுதுவதோடு நில்லாமல் தோட்ட ஊழியர்களைச் சங்கமாகத் திரட்டியவர்.

இந்த இடத்தில் நம் தமிழ்ச் சமூகத்தின் மீதே நமக்கு ஒரு குறை உண்டு. பிஜித் தீவின் கரும்புத் தோட்டங்களில் வாடிய பெண்களை நினைத்துப் பாரதியார் உருகிப் பாடினார். கோகலே 1912-இல் ஒப்பந்தக் கூலி முறையை ஒழிக்கவேண்டுமென்று சட்டசபையில் தீர்மானம் கொண்டுவந்து தோல்வியுற்றார். சி. எப். ஆண்ட்ரூஸ் 1915-இல் பிஜிக்கே சென்று நேரில் கண்டு வந்து எழுதினார். நாடு கொதித்தது, 1917-இல் ஆள் அனுப்புவது நின்றது. ஆனால் அதே ஆண்டுகளில், மதுரையிலிருந்து கண்ணுக்குத் தெரியும் மலைமேல், முன்பணத்துக்காக மனிதனைச் சிறைக்கு அனுப்பும் சட்டம் உயிரோடு இருந்தது. 1859-ஆம் ஆண்டுச் சட்டம் 1925-இல்தான் நீக்கப்பட்டது. கடலுக்கு அப்பால் இருந்த துன்பம் நமக்குத் தெரிந்த அளவு, மலைக்கு அப்பால் இருந்தது தெரியவில்லை. 1950-களில் தேவிகுளமும் பீர்மேடும் எந்த மாநிலத்துக்குச் சேரவேண்டும் என்ற வாதம் எழுந்தபோதும், மண்ணைப் பற்றிப் பேசியவர்கள் பலர். பிரட்டுக் களத்தைப் பற்றிப் பேசியவர்கள் சிலரே.

நாடு விடுதலை பெற்றபின் அரசியலமைப்பின் 23-ஆவது விதி மனித வாணிகத்தையும் கட்டாய உழைப்பையும் தடுத்தது. 1951-இல் தோட்டத் தொழிலாளர் சட்டம் வந்தது. வீடு, குடிநீர், மருத்துவமனை, குழந்தைக் காப்பகம் ஆகியவை நிர்வாகத்தின் கடமை என அது வகுத்தது. தொழிற்சங்கங்களின் இடைவிடாத போராட்டத்தால், 1950-களின் பிற்பகுதி தொடங்கிச் சில ஆண்டுகளில் கங்காணி முறையும் மறைந்தது. ஆயினும் முன்பணம் என்னும் கயிறு நாடெங்கும் வேறு தொழில்களில் நீடித்தது. 1976-ஆம் ஆண்டின் கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டமே அதை நேராக வெட்டியது. கொத்தடிமைக் கடன் எவ்வளவாயினும் அது அன்றே தீர்ந்தது. அதை வசூலிக்க முயல்வது குற்றம். இது கொத்தடிமைக் கடன் அன்று என்று மெய்ப்பிக்கும் பொறுப்பு கடன் கொடுத்தவரையே சாரும். 1859-இல் கடன் வாங்கியவனுக்கு மூன்று மாதச் சிறை. 1976-இல் கொத்தடிமையாக வேலை வாங்கியவனுக்கு மூன்று ஆண்டுச் சிறை. நூற்றுப்பதினேழு ஆண்டுகளில் சட்டம் திரும்பி நின்று மறுபக்கத்தைப் பார்த்தது.

1982-இல் உச்ச நீதிமன்றம் ஒரு படி மேலே சென்றது. குறைந்தபட்சக் கூலிக்கும் குறைவாகக் கொடுத்து வாங்கும் வேலை கட்டாய உழைப்பே என்று நீதிபதி பகவதி தீர்ப்பளித்தார். பசியும் வறுமையும் ஒருவனை நிர்ப்பந்திப்பதும் நிர்ப்பந்தமே என்பது அவர் கொள்கை. அடுத்த ஆண்டு பந்துவா முக்தி மோர்ச்சா வழக்கில், அரியானாவின் கல்குவாரித் தொழிலாளர்களைப் பற்றி அதே நீதிமன்றம் தீர்ப்புக் கூறியது. கட்டாயமாக வேலை வாங்கப்படுவது தெரியவந்தால், அது முன்பணத்தின் பொருட்டே என்று நீதிமன்றம் ஊகித்துக்கொள்ளலாம் என்றது அத்தீர்ப்பு. கையெழுத்திட்ட சீட்டையோ சாட்சியையோ ஏழைத் தொழிலாளி தேடித் திரிய வேண்டியதில்லை.

மூணாற்றில் இன்றும் லயங்களில் வாழும் தமிழ்க் குடும்பங்களின் நிலையைக் கொத்தடிமை என்று சொல்வது தவறாகும். கூலி உண்டு, சங்கம் உண்டு, ஓட்டு உண்டு. ஆயினும் வீடு வேலையோடு கட்டப்பட்டிருக்கிறது. ஓய்வு பெற்றால் லயத்தை ஒழித்துக் கொடுக்கவேண்டும் என்பதால், பிள்ளைகளில் ஒருவரேனும் கொழுந்துக் கூடையை எடுக்கவேண்டிய கட்டாயம் தலைமுறை தலைமுறையாகத் தொடர்ந்தது. 2015 செப்டம்பரில் ஆயிரக்கணக்கான பெண்கள் மூணாற்றுச் சாலையில் அமர்ந்து 20 சதவீத போனஸ் கேட்டார்கள். சங்கத் தலைவர்களையே அருகில் அண்டவிடாமல், பெம்பிளை ஒருமை என்ற பெயரில் தாமாகவே பேசி, கேட்டதைப் பெற்றார்கள். அன்று அவர்களின் நாட்கூலி 232 ரூபாய். பின்னர் அது 301 ரூபாயாக உயர்ந்தது. 2020 ஆகஸ்டு 6-ஆம் தேதி இரவு பெட்டிமுடியில் மலை சரிந்தபோது லயங்களில் உறங்கிக்கொண்டிருந்த 70 பேர் மாண்டனர். சொந்த நிலமும் சொந்த வீடும் வேண்டும் என்ற அவர்களின் கோரிக்கையை நாடு அப்போதுதான் திரும்பிப் பார்த்தது.

இப்போது காட்சி மாறியிருக்கிறது. விடியுமுன் தேனி மாவட்டத்துக் கிராமங்களிலிருந்து போடிமெட்டும் கம்பம்மெட்டும் ஏறும் ஜீப்புகளில் ஏலத்தோட்ட வேலைக்குப் போகும் பெண்கள் மாலையில் வீடு திரும்பிவிடுகிறார்கள். தோட்டத்திலேயே தங்கி உழைப்போரில் பலர் அசாமிலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் மத்தியப் பிரதேசத்திலிருந்தும் வந்தவர்கள். அவர்களுக்கு மலையாளமும் தெரியாது, தமிழும் தெரியாது. நூறாண்டுக்கு முன் நம் பாட்டனார் நின்ற இடத்தில் அவர்கள் நிற்கிறார்கள். வேற்று மாநிலங்களில் வாழும் நம்மவரில் சிலரோ இன்று ஆள் சேர்க்கும் இடத்தில் இருக்கிறார்கள். ஊருக்குப் பேசி, முன்பணம் கொடுத்து, வண்டி ஏற்றி அனுப்புகிறார்கள். நல்லெண்ணத்தோடு செய்பவர்களும் உண்டு. கங்காணிகளிலும் அத்தகையோர் இருந்தனர்.

ஆள்கடத்தல் என்பதற்கு இன்று சட்டம் தரும் பொருள் மிக விரிவானது. 2013-இல் தண்டனைச் சட்டத்தின் பழைய 370-ஆவது பிரிவு திருத்தி எழுதப்பட்டது; 2024 ஜூலை முதல் அது பாரதிய நியாய சன்ஹிதையின் 143-ஆவது பிரிவாக இருக்கிறது. ஏமாற்றியோ, அச்சுறுத்தியோ, ஆசை காட்டியோ சுரண்டலுக்காக ஒருவரைச் சேர்ப்பதும் ஏற்றிச் செல்வதும் தங்கவைப்பதும் அதில் அடங்கும். போனவர் சம்மதித்தார் என்பது விடையாகாது.

வேற்று மாநிலத் தொழிலாளர்களுக்காக 1979-இல் இயற்றப்பட்ட சட்டத்தில் ஒரு சிறு விதி இருந்தது. ஒடிசாவில் முன்பணம் கொடுத்து ஆள் திரட்டும் தாதன் முறையின் கொடுமைகளே அச்சட்டத்துக்கு வழிகோலின. ஒவ்வொரு தொழிலாளிக்கும் ஒரு பாஸ் புத்தகம் தரவேண்டும். கூலி விகிதம் அதில் குறிக்கப்பட வேண்டும். அது தொழிலாளியின் மொழியிலும் எழுதப்பட வேண்டும் என்பதே அவ்விதி. அச்சட்டமும் 1951-ஆம் ஆண்டுத் தோட்டச் சட்டமும் 2020-இல் இயற்றிய தொழிலாளர் சட்டத் தொகுப்பில் கலந்துவிட்டன. கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் மட்டும் தனியே நிற்கிறது. அதன்படி மாவட்ட மாஜிஸ்டிரேட்டே பொறுப்பாளர். மாவட்டந்தோறும் கண்காணிப்புக் குழு இருக்கவேண்டும். குழந்தைகளாயின் 1098 என்ற எண்ணுக்கு எவரும் தொலைபேசியில் சொல்லலாம்.

அரியானாக் கல்குவாரி வழக்கு எவ்வாறு தொடங்கிற்று என்பதையும் சொல்லிவிடுகிறோம். அதற்கு வக்கீலின் மனு எதுவும் முதலில் இல்லை. அங்கு நடப்பதைக் கண்ட அச்சங்கத்தார் நீதிபதிக்கு ஒரு கடிதம் எழுதினார்கள்; அக்கடிதத்தையே மனுவாக ஏற்று நீதிமன்றம் விசாரணையைத் தொடங்கியது.